பெயர் எழுதினால் இடம் கிடைக்குமா?

நீண்ட பதிவு இது. வழக்கம்போல "சார் ஆரம்பிச்சிட்டார்" என்று சிரிப்பீர்கள், பரவாயில்லை. போன வாரம் பழைய மாணவி ஒருத்தி நடத்தும் வீடற்றோர் தங்குமிடத்தில் ஓர் இரவு இருந்துவிட்டு வந்தேன். அதிலிருந்து மனதில் ஓடிக்கொண்டிருப்பதை எழுதிவிடுகிறேன். ஆனால் கதை அங்கே தொடங்கவில்லை. பழனி அடிவாரத்தில், 2011 பிப்ரவரி 28ஆம் தேதி இரவில் தொடங்குகிறது.

உங்களில் ஆசிரியர் வேலையில் இருப்பவர்களுக்குச் சென்சஸ் டூட்டி என்றால் என்னவென்று தெரியும். பிப்ரவரி 9ஆம் தேதி முதல் வீடு வீடாக ஏறி இறங்கி, கடைசி நாள் இரவில் வீடில்லாதவர்களை எண்ண வேண்டும். நாடு முழுவதும் ஒரே இரவு. பகலில் எண்ணினால் ஒருவரையே இரண்டு இடத்தில் எழுதிவிடுவோம், ஆகவே அவர்கள் படுத்த பிறகு போய் எழுத வேண்டும் என்பது ஏற்பாடு. நானும் இன்னொரு ஆசிரியரும் டார்ச் லைட்டோடு கிளம்பினோம். பேருந்து நிலையம், சன்னதி வீதிக் கடைத் திண்ணைகள், கிரிவலப் பாதை ஓரம்.

யாரை எழுதலாம் என்று பயிற்சி வகுப்பில் சொல்லியிருந்தார்கள். நடைபாதை, பெரிய சிமெண்ட் குழாய், மேம்பாலத்தின் அடி, மாடிப்படியின் அடி, ரயில் நிலைய நடைமேடை, கோயில் வெளி, மண்டபம். இந்த இடங்களில் படுத்திருப்பவர் வீடற்றவர். பட்டியலில் "மண்டபம்" என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கட்டும் என்றுதானே நம் முன்னோர் மண்டபம் கட்டினார்கள்? அதில் படுத்தவன் வீடற்றவன் என்று இப்போது கணக்கு.

இரவு பதினொன்றரை இருக்கும். மூடிய பஞ்சாமிர்தக் கடை வாசலில் ஒரு பெரியவர். எழுபது வயதுக்கு மேல். ஒரு காலத்தில் குதிரை வண்டி ஓட்டியவர் என்று பேச்சில் தெரிந்தது. பேர், வயது, கல்யாணம் ஆனவரா, எழுதப் படிக்கத் தெரியுமா, எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டேன். பொறுமையாகச் சொன்னார். நான் எழுந்திருக்கும்போது கேட்டார்:

"வாத்தியாரய்யா, பேர எழுதிக்கிட்டீங்கள்ல. ராத்திரி படுக்க ஒரு எடம் கெடைக்குமா?"

"கிடைக்கும் பெரியவரே" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டேன்.

என் ஆசிரியர் வாழ்க்கையில் தெரியாத கேள்விக்கு "தெரியாது, பார்த்துச் சொல்கிறேன்" என்றுதான் சொல்லியிருக்கிறேன் என்று உங்களிடம் பெருமையாகச் சொல்வேன். அன்றைக்கு அப்படிச் சொல்லவில்லை. பொய் சொன்னேன். நேரமாகிவிட்டது, தூக்கம், இன்னும் கிரிவலப் பாதை பாக்கி. அவ்வளவுதான் காரணம்.

அவர் கேட்டதற்குச் சரியான பதில் என்ன என்று ஓய்வு பெற்ற பிறகுதான் தேடத் தொடங்கினேன்.

முதலில் பழனியையே எடுத்துக்கொள்ளுங்கள். படுக்க இடமில்லாத ஊரா அது? தெருவுக்குத் தெரு மடம். தை மாதம் செட்டிநாட்டிலிருந்து நகரத்தார் காவடி எடுத்து நடந்து வருகிறார்கள், அது பல தலைமுறை வழக்கம். அவர்கள் தங்கி, சமைத்து, இளைப்பாற மடங்கள் உண்டு. மற்ற சமூகத்தாரும் அவரவர் மடங்களைக் கட்டியிருக்கிறார்கள். பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டே நடந்தால் தமிழ்நாட்டுச் சாதிப் பட்டியலை மனப்பாடம் செய்துவிடலாம். குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. நடந்து வந்த களைப்போடு ஒருவன் தன் ஆட்கள் கட்டிய கூரைக்குக் கீழே படுப்பது பெரிய ஆறுதல். ஆனால் அந்தக் கூரை யாருக்கு என்பது வாசலிலேயே எழுதியிருக்கிறது. பெரும்பாலும் அது நடந்து வந்தவனுக்கு. வந்து, கும்பிட்டு, போகிறவனுக்கு.

"மங்கம்மாள் சாலை, குறிப்பு வரைக" என்று உங்களுக்கு எத்தனை தடவை இரண்டு மதிப்பெண் கேள்வி கொடுத்திருப்பேன்! 1689இல் பேரனுக்காக ஆட்சிப் பொறுப்பேற்ற ராணி மங்கம்மாள் சாலை போட்டார், மரம் நட்டார், சத்திரம் கட்டினார். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே அவர் பெயரில் சத்திரம் இன்றும் இருக்கிறது. தஞ்சாவூர்ப் பக்கம் மராட்டிய மன்னர்கள் வழி நெடுகச் சத்திரம் வைத்தார்கள். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி கட்டிய முக்தாம்பாள் சத்திரத்தை நம் சுற்றுலாவில் பார்த்தவர்களுக்கு அந்த மரத் தூண்கள் நினைவிருக்கும். அங்கெல்லாம் சோறு போட்டார்கள், நோயாளிக்கு மருந்து கொடுத்தார்கள். நான் கரும்பலகையில் எழுதிப்போட்டது அவ்வளவுதான். எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. பல சத்திரங்களில் உண்பதும் தங்குவதும் சாதிவாரியாகத்தான். பல இடங்களில் மூன்று நாளைக்கு மேல் தங்கக் கூடாது என்ற வழக்கமும் இருந்தது. வழிப்போக்கன் என்றால் வழியில் போக வேண்டும். போக வழியில்லாதவன் நான்காம் நாள் என்ன செய்தான் என்று நானும் கேட்கவில்லை, நீங்களும் கேட்கவில்லை.

சென்னையில் 1782 பஞ்சத்தில் பசித்து வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய இடம் மணியக்காரர் சத்திரம். பக்கத்திலேயே நோயாளிகளைப் பார்க்க ஆரம்பித்து, அந்த மருத்துவம் வளர்ந்து வளர்ந்து இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை வரை வந்தது. சத்திரம் என்ற சொல்லுக்குள் ஆதரவற்றவனும் நுழைந்த அபூர்வமான இடம் என்று இதைச் சொல்வேன். அதற்கும் ஒரு பஞ்சம் தேவைப்பட்டிருக்கிறது.

இனி மலைக்கு ஏறுவோம். கொடைக்கானலில் நான் வேலை பார்த்த எட்டு ஆண்டுகளில் உங்களை எத்தனையோ முறை ஏரியைச் சுற்றி நடக்கவைத்துச் சரித்திரம் சொல்லியிருக்கிறேன். 1845இல் அமெரிக்கப் பாதிரியார்கள் முதல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். 1863இல் லெவிஞ்ச் துரை ஓடைக்கு அணை போட்டு ஏரி உண்டாக்கினார். சாலை வருவதற்கு முன்னால் பெரியகுளம் பக்கத்துத் தோப்பில் இறங்கி, துரைமாரும் துரைசானிமாரும் குதிரையிலோ டோலியிலோ மலையேறினார்கள். மோட்டார் போகும் சாலை திறந்தது 1916இல்தான். அதுவரை எழுபது வருஷம், பியானோ முதல் பிள்ளைத் தொட்டில் வரை மேலே போனதெல்லாம் மனிதர் தோளில்தான். முதல் இரண்டு வீடுகளுக்கும் பெயர் உண்டு, சன்னிசைடு, ஷெல்டன். நீங்கள் பரீட்சையில் எழுதியிருக்கிறீர்கள். டோலியை இறக்கி வைத்த ஆள் அந்தக் குளிரில் இரவு எங்கே படுத்தான் என்று கேட்டு நான் ஒரு கேள்வியும் கொடுத்ததில்லை.

(இடையில் ஒன்று. பளியர்கள் பாறைக் குகைகளிலும் பாறைச் சரிவின் அடியிலும் தங்கி வாழ்ந்தவர்கள். சென்சஸ் ஏட்டை வைத்துப் பார்த்தால் அவர்களும் வீடற்றவர்கள் ஆகிவிடுவார்கள். காடு கையில் இருந்த வரைக்கும் அவர்களை அப்படிச் சொல்ல யாருக்கும் தோன்றியிருக்காது. கூரை இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. "எழுந்திரு, போ" என்று சொல்ல ஒருவன் இருக்கிறானா என்பது வேறு கேள்வி.)

1964 அக்டோபரில் சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தம் கையெழுத்தானது. தலைமுறை தலைமுறையாகத் தேயிலைத் தோட்டத்தில் இருந்த 9,75,000 பேரை இரண்டு நாடுகள் மேசையில் பங்கு போட்டுக்கொண்டன. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று. கப்பலில் வந்து மண்டபம் முகாமில் இறங்கியவர்களுக்கு அரசு வைத்த பெயர் தாயகம் திரும்பியோர். குளிர் மலை பழகியவர்கள் என்பதால் நீலகிரிக்கும் நம் மலைக்கும் நிறையப் பேர் வந்து சேர்ந்தார்கள். காட்டில் வாட்டில் மரப்பட்டை உரிக்கும் வேலை, முன்பணம் வாங்கிக்கொண்டு கழிக்க முடியாத வேலை. என் வகுப்பில் அந்தப் பிள்ளைகள் இருந்தார்கள். "வீட்டு முகவரி" என்ற இடத்தில் என்ன எழுத என்று ஒரு பையன் கேட்டான். பெர்மிட் காட்டுக்குள் ஒரு புல் குடிசை, வேலை முடிந்தால் அடுத்த காட்டுக்குக் குடிசை நகரும். பள்ளிக்கூட முகவரியையே எழுதிக்கொள் என்றேன். அன்றைக்கு அது ஒரு சின்ன உபாயமாகத் தோன்றியது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அதே வருஷங்களில் ஒரு ஜனவரி. ஏரிக்கரைப் புல் உறைபனியில் வெளுத்துக் கிடந்த காலை. பள்ளிக்குப் போகிற வழியில் கூட்டம். கடைத் தாழ்வாரத்தில், சாக்குப் பைக்குள் கால் நுழைத்தபடி, சுமை தூக்கும் ஒருவர் இறந்து கிடந்தார். சீசனுக்கு வந்தவர், ஊர் திரும்பவில்லை. "அடையாளம் தெரியாத ஆண், வயது சுமார் 50." தினமும் அவரைப் பார்த்த நாங்கள் இருபது பேர் அங்கே நின்றோம். ஒருவருக்கும் பெயர் தெரியவில்லை. சமவெளியில் கூரையில்லாமல் படுப்பது கஷ்டம். இங்கே அது உயிர்.

சட்டம் இவர்களை எப்படிப் பார்த்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1945இல் சென்னை மாகாணத்தில் பிச்சையெடுத்தலைத் தடுக்கும் சட்டம் வந்தது. தெருவில் கிடப்பவனுக்குக் கூரை கிடைத்தால் அது மேல்பாக்கம் மாதிரி காப்பகத்தில், பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ப்பதாகத்தான் இருந்தது. 1985இல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம், பிழைப்புக்கான உரிமையும் உயிர் வாழும் உரிமைக்குள் அடங்கும் என்றது. அந்த ஒரு வரி பின்னால் நிறைய வேலை செய்தது. 2009 டிசம்பரில் டில்லியில், நடுங்கும் குளிரில், பூசா ரோட்டில் இருந்த தற்காலிக இரவுக் கூடாரத்தை அகற்றினார்கள். 2001 முதல் நடந்துகொண்டிருந்த உணவு உரிமை வழக்கில் இது புகாராக வந்தது. 2010 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உடனே தங்குமிடம் கொடு என்றது. பிறகு பெரிய நகரங்களுக்கெல்லாம் ஒரு லட்சம் பேருக்கு ஒரு தங்குமிடம் என்று விதி வந்தது. இருபத்து நான்கு மணி நேரமும், வருஷம் முழுக்கத் திறந்திருக்க வேண்டும். குளிர்காலத்துக்கு மட்டும் என்று இருக்கக் கூடாது.

எனக்கு இது சத்திரத்திலிருந்து பெரிய தாவலாகத் தெரிகிறது. என்ன ஊர், என்ன சாதி, எந்தக் கோயிலுக்கு வந்தாய், எப்போது போவாய் என்று எதுவும் கேட்காமல் கூரை கொடுக்கச் சொன்ன ஏற்பாடு இது. புண்ணியத்துக்காக இல்லை, உயிரோடு இருப்பவன் என்பதற்காக.

ஆனால் கணக்கைப் பாருங்கள். நான் பேர் எழுதிய அதே 2011 சென்சஸில் பழனி நகராட்சியின் மக்கள் தொகை 70,467. கொடைக்கானல் 36,501. லட்சத்துக்கு ஒன்று என்றால் பழனிக்கு முக்கால் தங்குமிடம்கூட வராது, கொடைக்கானலுக்குக் கால் சொச்சம்! சென்னை, மதுரை, கோவை பெரிய நகரப் பட்டியலில் இருந்தன. சென்னை மாநகராட்சி தொண்டு நிறுவனங்களோடு சேர்ந்து ஆண்களுக்கு, பெண்களுக்கு, குழந்தைகளுக்கு, மருத்துவமனையில் நோயாளியோடு வந்து வாசலில் படுப்பவர்களுக்கு என்று தனித்தனியாகத் தங்குமிடங்கள் நடத்தத் தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் கோயில் ஊரில் தெருவில் படுப்பவர்கள் அந்த ஊர் மக்கள் தொகைக்கு ஏற்ப இருக்க மாட்டார்கள். சோறு இருக்கும் இடத்துக்கு வருவார்கள். பழனியில் 2012இல் நாள் முழுக்க அன்னதானம் தொடங்கியது. வயிற்றுக்கு வழி பிறந்தது, முதுகுக்கு? 2013இல் மத்திய அரசின் நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தில் இது திட்டமானது, 2016இல்தான் சிறிய நகரங்களுக்கும் விரிந்தது. என் பெரியவருக்கு நான் "கிடைக்கும்" என்று சொல்லி ஐந்து வருஷம் கழித்து.

இப்போது மாணவியிடம் வருகிறேன். நம் மாவட்டத்துச் சமவெளி நகரம் ஒன்றில், நகராட்சிக் கட்டடத்தில், அவளுடைய சிறிய அமைப்பு தங்குமிடம் நடத்துகிறது. ஊர்ப் பெயர் வேண்டாம் சார், எங்க ஆளுங்க சங்கடப்படுவாங்க என்றாள். நாற்பது பேர் தங்கலாம். பொறுப்பாளர் அவள், மூன்று பராமரிப்பாளர்கள், எட்டு எட்டு மணி நேரமாக. கட்டில், பாய், போர்வை, பூட்டுப் போட்ட சின்னப் பெட்டி ஆளுக்கு ஒன்று. பெட்டிச் சாவியை அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொண்டு தூங்குகிறார்கள். தெருவில் முதலில் திருடு போவது பணம் இல்லையாம், செருப்பும் அடையாள அட்டையும்தானாம்.

நான் போனபோது அவள் போர்வை எண்ணிக்கொண்டிருந்தாள். "சார், நீங்க சத்திரம் சத்திரம்னு சொல்லுவீங்கள்ல, சத்திரம் நடத்துறவனுக்குத் தலைவலி என்னன்னு பாடத்துல சொல்லவே இல்ல" என்றாள். தலைவலிகளைச் சொன்னாள். முதல் நாள் குளி என்று கட்டாயப்படுத்தினால் ஆள் ஓடிவிடுவார், ஆகவே முதல் இரவு சோறும் பாயும் மட்டும். குடித்துவிட்டு வருபவரைத் துரத்தினால் எங்கே போய் விழுவார்? வாசலுக்குப் பக்கத்தில் தனி இடம், இரவுக் காவலாளிக்கு எதிரே. இதற்கு மற்றவர்கள் சண்டை போடுவார்கள், அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. நிதி மாதக்கணக்கில் தள்ளி வரும், மளிகைக் கடைக்காரர் முகம் பார்க்க முடியாது. முதலில் தெருக்காரர்கள் மனு கொடுத்தார்கள், இங்கே இது வந்தால் இடத்தின் விலை இறங்கிவிடும் என்று. இப்போது அதே தெருவில் கல்யாண வீட்டுச் சாப்பாடு மீந்தால் இங்கே போன் வருகிறது. (மீந்தால்தான் வருகிறது என்று அவள் சொன்னாள். நான் எதுவும் சொல்லவில்லை.)

பெண்கள் பகுதியில் விளக்கை அணைப்பதில்லை. தெருவில் இருந்த பெண்கள் இரவில் தூங்குவதே இல்லையாம். உட்கார்ந்தபடி விழித்திருந்து, பகலில் கோயில் பிரகாரத்திலோ பேருந்து நிலையத்திலோ கண்ணயர்வார்கள். இங்கே வந்தும் முதல் ஒரு வாரம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருப்பார்கள். "படுத்துட்டாங்கன்னா அன்னிக்கு எனக்கு லட்டு சாப்பிட்ட மாதிரி சார்" என்றாள்.

வர மறுப்பவர்களும் உண்டு. நாயை விட்டு வர மாட்டேன் என்று ஒருவர். கணவன் ஆண்கள் பக்கம், மனைவி பெண்கள் பக்கம் என்றால் வேண்டாம் என்று ஒரு வயதான தம்பதி. நாற்பது வருஷம் பிளாட்பாரத்தில் பக்கத்தில் பக்கத்தில் படுத்தவர்களைக் கூரை வந்து பிரிக்கிறது. விதி எழுதியவர்களுக்கு இது தோன்றவில்லை. எனக்குத் தோன்றியிருக்குமா என்றும் தெரியவில்லை.

அவளிடம் ஒரு நீல நோட்டு இருக்கிறது. "உங்களுக்கு ஏதாவது ஆனா யாருக்குச் சொல்லணும்?" என்று கேட்டு எழுதி வைப்பது. எல்லாரும் முதலில் யாருமில்லை என்பார்களாம். ஆறு மாதம் கழித்து, தட்டு கழுவும் நேரத்தில், தலையைக் குனிந்தபடி ஒரு போன் நம்பரைச் சொல்வார்களாம். "அப்பத்தான் சார் சேர்ந்துட்டாங்கன்னு அர்த்தம்." கடைத் தாழ்வாரத்தில் கிடந்தவரை அவளிடம் சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள்.

குதிரை வண்டிப் பெரியவரையும் சொன்னேன். நான் சொன்ன பொய்யையும். "பேரு என்ன சார்?" என்றாள். எழுதினேன், ஆனால் நினைவில்லை. அந்தத் தாள் போய்விட்டது. 2011இல் நாட்டில் வீடற்றவர்கள் சுமார் 17,73,000 பேர், அதில் நகரங்களில் 9,38,000 என்று பிறகு வெளியிட்டார்கள். அந்த ஒன்பது லட்சத்தில் ஒருவர் அவர். பத்தாண்டில் கிராமங்களில் குறைந்து நகரங்களில் கூடியிருந்தது. எண்ணிக்கை எனக்கு இப்போதும் மனப்பாடம், பேர்தான் இல்லை.

பத்தரை மணி வாக்கில் கேட் தட்டும் சத்தம். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், கையில் ஜவுளிக்கடைப் பை ஒன்று. பேருந்து நிலையத்தில் யாரோ வழி சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். உள்ளே வராமல் படியிலேயே நின்றார். "சாப்பிட்டீங்களாண்ணா?" என்றாள். இல்லை என்று தலையசைத்தார். காவலாளி சோறு எடுத்து வரப் போனார்.

பெரிய பதிவேட்டை என் பக்கம் தள்ளினாள். "சார், கையெழுத்து அழகா இருக்கும், நீங்களே எழுதுங்க."

பேர் கேட்டேன். சொன்னார். எழுதினேன், இந்த முறை இரண்டு தடவை மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். வயது. ஊர். வேலை. பிறகு முகவரி என்று ஒரு கட்டம். அவர் என்னைப் பார்த்தார், நான் அவளைப் பார்த்தேன்.

"இந்த இடத்து அட்ரஸையே போடுங்க சார். நாளைக்கு ஆதார் எடுக்கறதுக்கும் அதுதான்."

கதவு எண்ணைக் கேட்டு எழுதினேன்.